அந்த அரணை கண்ணை மூடியது

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

போன வாரம் இரவு ஒன்பதரை மணி இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவன் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். இப்போது ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலை பராமரிப்பு வேலையில் இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனோடு படித்தவர்களுக்கு இன்னும் நாலு பத்தி தாண்டியதும் தெரிந்துவிடும், தெரிந்தாலும் கமெண்ட்டில் போட்டு உடைக்காதீர்கள்.

வீடியோவில் டார்ச் வெளிச்சம், ஒரு மணல்மேடு. மணலின் மேல் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுகிறது, சிலேட்டில் குழந்தை அலை வரைந்தது போல. கோடு முடியும் இடத்தில் கையை விட்டு மணலோடு ஒரு பிடி அள்ளுகிறான். மணல் விரல் இடுக்கு வழியாக வடிந்ததும் உள்ளங்கையில் ஏதோ மினுமினுவென்று நெளிகிறது. முதலில் பாம்புக்குட்டி என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் கூட இருக்காது, மணலின் நிறமேதான். உற்றுப் பார்த்தால் சின்னஞ்சிறு கால்கள் நான்கு. மூக்கு ஆப்பு வைத்தது போலக் கூர்மை. இரண்டு நொடிதான். கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது, தண்ணீரில் மீன் முங்குவது போல முங்கிப் போய்விட்டது. அவன் குரல் மட்டும் கேட்டது: "டீச்சர், இதுவும் அரணைதான். இமை இருக்கான்னு பாக்குறதுக்குள்ள ஓடிருச்சு. இன்னொரு நாளு பாத்துச் சொல்றேன்."

இமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அவன் மறக்கவில்லை.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பேத்தியை உட்கார வைத்துத் தேடிப் படித்தேன். தார் பாலைவனத்து மணல்மீன் என்று அதற்குப் பெயர். மீன் இல்லை, அரணைக் குடும்பம். அறிவியல் பெயர் ஓபியோமோரஸ் ரைத்மாய். நமது ராஜஸ்தான் மணலிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் மணலிலும் இருக்கிறது. 1966-இல்தான் ஆன்டர்சன், லெவிட்டன் என்ற இரண்டு பேர் இதைத் தனி இனம் என்று பிரித்து எழுதினார்கள். அதுவரை வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். காலுக்கு மூன்றே விரல்கள். பகலெல்லாம் மணலுக்குள், இரவில் மேல்மட்டத்துக்கு வந்து கறையானும் சிறு வண்டும் தின்னும். அந்த அலைக் கோடு, மேலாக மணலுக்குள் நீந்திப் போன தடம்.

நீந்துகிறது என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. ஆப்பிரிக்க, அரபுப் பாலைவனங்களில் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறது, அதையும் மணல்மீன் என்றே அழைக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேனியல் கோல்ட்மன் என்பவரின் குழு, மணலுக்குப் பதில் பொடிக் கண்ணாடி மணிகளை நிரப்பி, அதற்குள் இந்த மணல்மீனை விட்டு, எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்தது. 2009-இல் அதை வெளியிட்டார்கள். உள்ளே போனதும் அது கால்களை உடம்போடு மடக்கி ஒட்டிக்கொள்கிறதாம். பிறகு உடம்பை மட்டும் அலை அலையாக வளைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்து மணலுக்குள் போகும் ஒரு ரோபோவும் செய்திருக்கிறார்கள். நான் பாடம் நடத்திய காலத்தில் இது தெரிந்திருந்தால் ஒரு முழு பீரியடையும் இதிலேயே ஓட்டியிருப்பேன்.

இப்போது அந்த இமை விஷயம்.

1993 தை மாதம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு நடந்தே போனோம். கையில் புளிச்சோற்றுத் தூக்கு. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் அரசன் தனக்கும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவருக்குமாகக் கட்டிய மூன்று கோயில், இப்போது இரண்டுதான் நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான் மிச்சம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு தலை குறைந்தது. தேடினால் அந்த மூன்றாவது கோயிலின் அடித்தளக் கல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கைக்குள்ளும் ஓர் அரணை. முதுகு வெண்கலப் பாத்திரம் துலக்கி வைத்த நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. காலை வெயிலுக்குக் கல்லில் காய வந்திருக்கும்.

"கீழே போடுடா! நக்கிரும்!" என்று கத்தினேன்.

"நக்கிருச்சு டீச்சர். ஒண்ணும் ஆகலை" என்றான், நிதானமாக. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "பாம்பு கண்ணை மூடாது, இமை கிடையாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? இது மூடுது பாருங்க. காதுக்கும் ஓட்டை இருக்கு. அப்ப இது பாம்பு இல்லைல்ல?"

முந்தின வாரம்தான் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். பாம்புக்கு இமை இல்லை, வெளிக்காது இல்லை என்று கரும்பலகையில் எழுதி எல்லாரையும் இரண்டு முறை எழுதவும் வைத்திருந்தேன். அதை ஒரு பத்து வயதுப் பையன் எடுத்துக்கொண்டு போய் வெளியில் ஒரு பிராணியின் மேல் வைத்துச் சரிபார்த்திருக்கிறான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே பிள்ளைகளை இப்படி ஆக்கத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வழியில் ஒடித்து வைத்திருந்த புளிய விளாரால் காலில் நாலு போட்டேன். அவன் கையை விரித்ததும் ஓடிய அரணையைப் பெரிய பையன்களை விட்டுக் கல்லால் அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். வால் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு அவன் கையை மூன்று தடவை கழுவ வைத்து, சாயங்காலம் வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், செத்துப் போவானோ என்று. மறுநாள் எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றான். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அவன் அம்மா கும்பிட்ட சாமி காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியென்ன பயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பீர்கள். அரணை நக்கினால் மரணம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள், பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது வெறும் பழமொழி இல்லை.

1989 ஐப்பசி. விடாமல் மழை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு முதல் பெஞ்சில் உட்காருவாள். ஒரு நாள் அவள் வரவில்லை. அவள் அப்பா போய்விட்டார் என்று சேதி வந்தது. நான் துக்கம் விசாரிக்கப் போனேன். அங்கே சொன்னது இதுதான்: ராத்திரி வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தார். விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றார், எச்சில் விழுங்க முடியவில்லை என்றார், பேச்சுக் குழறியது. உடம்பில் கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. பொழுது விடிந்ததும் மூலையில் நெற்குதிருக்குக் கீழே ஓர் அரணையைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார்கள். மந்திரிக்கிறவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கெல்லாம் மூச்சு நின்றுவிட்டது.

நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, ஆமாம், அரணைதான் என்று தலையாட்டினேன். டீச்சரே சொல்லிவிட்டார்கள் என்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில், அரணையைக் கண்டால் விடக் கூடாது, அடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பையன்கள் காலையில் வந்து கணக்குச் சொல்வார்கள், டீச்சர் நான் ரெண்டு, நான் மூணு என்று. நான் சபாஷ் போட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் அந்த சபாஷ் வாங்கியவர்களும் இருக்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், திருச்சியில் மகள் வீட்டில் இருந்தபோது, பேத்தியின் பள்ளியில் பாம்பு பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். பெற்றோரோடு நானும் போய் உட்கார்ந்தேன். பேச வந்த பையன் கட்டுவிரியனைப் பற்றிச் சொன்னான். நம் ஊரில் எட்டடி விரியன் என்றும் சொல்வோமே, அதேதான். ராத்திரியில் வரும். தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல் சிறியது, பலருக்கு வலியே தெரியாது, தடம் கண்ணுக்குப் படாது, வீங்காது. விடியும்போது வயிற்று வலி, இமை தொங்கிப் போவது, விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல், கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோவது.

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த ஐப்பசி வீட்டைத்தான் அவன் பார்த்துவிட்டு வந்து சொல்கிறானோ என்று இருந்தது. கூட்டம் முடிந்து அவனிடம் போய், அரணை நக்கினால் என்ன ஆகும் தம்பி என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது பாட்டி, உலகத்தில் எந்த அரணைக்கும் விஷம் கிடையாது என்றான். 1,700 வகைக்கு மேல் இருக்கின்றன, நம் நாட்டில் மட்டும் 60-க்கும் மேல், ஒன்றுக்குக்கூடக் கிடையாது. நக்குவது என்று நாம் சொல்வது அது மோந்து பார்ப்பது. நாக்கை நீட்டி மணத் துகளை ஒட்டி எடுத்து, அண்ணத்தில் இருக்கும் ஒரு சிறு உறுப்பில் வைத்துத் தெரிந்துகொள்கிறது. அன்று மூவர் கோயிலில் அந்தப் பையன் கையில் நாக்கு பட்டதென்றால் இவன் யார் என்று அது பார்த்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

இன்னொன்றும் எனக்கு அன்று உறைத்தது. நம் வேலியில் ஓடும் இந்த அரணை பகலில் திரிவது. வெயில் ஏறினால்தான் அதற்கு உடம்பில் தெம்பு வரும். ராத்திரியில் எங்காவது இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். நடுராத்திரி வந்து ஒரு மனிதரை அது ஏன் நக்கப் போகிறது? மழைக்கு ஒதுங்கி நெற்குதிருக்குக் கீழே கிடந்திருக்கிறது, விடிந்ததும் கண்ணில் பட்டிருக்கிறது. கட்டுவிரியனுக்குப் பல்லி, அரணை எல்லாம் இரை. இரையைத் தேடி வந்த பாம்பு போய்விட்டது, இரை மாட்டிக்கொண்டது. இது என் ஊகம்தான், சாட்சி யாரும் இல்லை. ஆனால் இத்தனை தலைமுறையாக அரணை கணக்கில் எழுதிய சாவுகளில் எத்தனை கட்டுவிரியனுடையதோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

இதற்காகவே இதையும் சொல்லிவிடுகிறேன். கடித்த தடம் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிறு வலித்து இமை தொங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

அரணையைப் பற்றி இவ்வளவு படித்த பிறகு, வாசல் துவைகல் பக்கம் பத்து மணி வெயிலுக்கு வரும் ஒன்றைத் தினமும் பார்க்கிறேன். கண்ணை மூடத்தான் செய்கிறது, கீழ் இமை மேலே ஏறி. செம்பரத்தைச் செடி அடியில் இன்னொரு வகை உண்டு, மெலிந்த உடம்பு, சின்னக் கால், குட்டியாக இருக்கும்போது வால் மட்டும் சிவப்பு. அதைத்தான் பாம்புராணி என்று பதறுவோம். சிவந்த வாலைப் பார்த்துக் கொத்த வருகிறவன் வாலைத்தான் கொத்துவான். வாலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தலை தப்பித்துக்கொள்ளும். மறுபடி முளைக்கும் வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். சோழமண்டலக் கடற்கரை மணலில் ஒரு வகை உண்டு, அதற்குப் பிப்ரான் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பாரிஸில் பள்ளிக்கூடத்தில் இயற்கை வரலாறு நடத்தியவர், 42 வயதில் காசநோயில் இறந்துபோனார். ஓர் அரணைக்கு வாத்தியார் பெயர்! எங்களில் சிலர் ஒழுங்காகவும் இருந்திருக்கிறோம்.

ஒடிசாவில் சிலிகா ஏரியில் பர்குடா என்று ஒரு தீவு. அங்கே காலே இல்லாத அரணை ஒன்றை 1917-இல் அனண்டேல் என்பவர் கண்டு எழுதினார். நாலு முழுக் காலோடு நம் வேலியில் ஓடுவது, மூன்று விரல் குட்டைக் காலோடு ஜெய்சல்மேரில் நீந்துவது, காலே இல்லாமல் பர்குடாவில் மண்ணுக்குள் கிடப்பது, எல்லாம் ஒரே குடும்பம். மண் எப்படியோ கால் அப்படி.

பாலைவனத்துப் பிராணிக்கும் கொடும்பாளூருக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ் படித்தவர்கள் கேட்க மாட்டீர்கள். சிலப்பதிகாரத்தில் உறையூரிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறானே, அதில் கொடும்பையின் பெரிய குளத்தங்கரையில்தான் பாதை மூன்றாகப் பிரிகிறது. கொடும்பை நம் கொடும்பாளூர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தன் தன்மை கெட்டால் பாலையாகும் என்று அவன் சொல்வதும் இந்த வழியைச் சொல்லும்போதுதான். மணல் இருந்தால்தான் பாலை என்றில்லை. சித்திரையில் விராலிமலை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு அது தெரியும். இந்தக் காய்ச்சலில் சுள்ளிக்கும் கல்லுக்கும் நடுவில் பிழைக்கத் தெரிந்த பிராணி இது. நான் அதைக் கணக்குப் போட்டுக் கொல்ல வைத்தேன்.

வீடியோ வந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டு, அன்னைக்கு அடிச்சது தப்புடா, மன்னிச்சுக்கோ என்றேன். "நாலு அடியா? நீங்க மூணுதான் டீச்சர் அடிச்சீங்க" என்று சிரித்துவிட்டான். அவனோடு முடிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. திருச்சிக் கூட்டத்திலிருந்து வந்த நாளில் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு. இதை எழுதும் முன் அவளிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். அவளுக்கே இப்போது கல்லூரி போகும் பிள்ளை இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன், திண்ணையில் நான் தலையாட்டியதையும் சேர்த்து.

அவள் கேட்டாள்: "அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அப்பா இருந்திருப்பாரா டீச்சர்?"

பொய் சொல்லத் தோன்றியது. "வாய்ப்பு இருந்துச்சும்மா. உடனே போயிருந்தா இருந்துச்சு. நிச்சயம்னு என்னால சொல்ல முடியாது" என்றேன்.

ரொம்ப நேரம் பேச்சில்லை. குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு, "அந்த அரணைய எங்க சித்தப்பா அடிச்சு, கொளுத்திட்டாரு டீச்சர். நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "எழுதுங்க. எம் பேரு வேணாம். எங்க அம்மாகிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீங்க. அது படிக்காது, யாராச்சும் சொன்னாத்தான் உண்டு. இத்தனை வருசமா அரணை மேலதான் கோவத்த வச்சிருக்கு. இப்ப அத எடுத்தா எங்க கொண்டுபோயி வைக்கும்?"

அதனால் ஊரில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். யார் வீடு என்று தெரிந்தாலும் அந்த அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

நேற்று இரவு ஜெய்சல்மேரிலிருந்து இன்னொரு படம் வந்தது. உள்ளங்கை, கொஞ்சம் மணல், அந்தக் கூர் மூக்கு. கீழே ஒரு வரி: "இமை இருக்கு டீச்சர்." நான் ஒரு சரிக் குறி போட்டு அனுப்பினேன்.